மொறிஸ் மைனர் எத்தனை கிலோ? பாரம் குறைந்த காரும் விபத்துப் பாதுகாப்பும்

மொறிஸ் மைனர் கார் எத்தனை கிலோ இருக்கும் என்று உங்கள் ஊரில் நாலு பேரைக் கேட்டுப் பாருங்கள். நான் கிளிநொச்சியில் ஒரு கராஜ் வாசலில் கேட்டேன். "ஒன்றரைத் தொன் வரும் தம்பி, அந்தக் காலத்து இரும்பெல்லோ" என்றார் ஒரு பெரியவர். பக்கத்தில் நின்றவர் கொஞ்சம் குறைத்து ஆயிரத்து இருநூறு என்றார். 1956இல் வந்த மொறிஸ் மைனர் 1000 உண்மையில் ஏறக்குறைய 775 கிலோதான். அதே வாசலில், ஏ9 வீதியில் இரவு மாட்டுக்கு விலத்தப் போய் மதகில் அடித்த வாகன்ஆர் ஒன்று நின்றது. ஜப்பானிலிருந்து வந்த ஹைபிரிட். முன்பக்கம் அப்பளம் மாதிரி மடிந்து கிடந்தது. எல்லாரும் அதன் பொனற்றைத் தட்டித் தட்டி, "தகரம், வெறும் தகரம்" என்றார்கள். அந்தத் தகரத்தின் பாரமும் 800 கிலோவை ஒட்டித்தான் வரும்.

இரண்டும் ஏறக்குறைய ஒரே பாரம் என்றபோது ஒருவரும் நம்பவில்லை. அதில் பிழையும் இல்லை. மொறிஸின் கதவைச் சாத்தும்போது வருகிற சத்தம் வேறு, வாகன்ஆர் கதவின் சத்தம் வேறு. காதுக்குக் கேட்டதை மனம் நம்பிவிடுகிறது. ஆனால் அந்த வாகன்ஆரை ஓட்டி வந்தவர் தோளில் பெல்ற் அழுத்திய தழும்போடு அங்கேயே நின்று பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார். அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

"பாரமான கார்தான் பாதுகாப்பு, பாரத்தைக் குறைத்தால் உயிருக்கு ஆபத்து" என்ற பேச்சில் ஒரு சிறு பங்கு உண்மை இருக்கிறது. மிச்சம் குழப்பம். எது எந்தப் பங்கு என்று பிரித்துப் பார்ப்போம். ஓ.எல். விஞ்ஞானம் ஞாபகம் இருந்தால் நல்லது, மறந்திருந்தாலும் பரவாயில்லை.

பனை உயரத்திலிருந்து விழுகிற கார்

ஓடுகிற எந்தப் பொருளுக்கும் அந்த ஓட்டத்தால் வந்த சக்தி ஒன்று உண்டு. பள்ளிக்கூடத்தில் இயக்கசக்தி என்று படித்தது இதைத்தான். பொருள் நிற்க வேண்டுமானால் அந்தச் சக்தி முழுவதும் எங்காவது செலவாக வேண்டும். பிரேக் பிடித்தால் வெப்பமாகப் போகும். மதகில் மோதினால் உலோகம் மடிவதில் போகும். மடிய உலோகம் இல்லாவிட்டால் உள்ளே இருப்பவரின் எலும்பில் போகும்.

எவ்வளவு சக்தி என்று கேட்டால், இப்படி நினைத்துப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீற்றரில் போகிற கார் மதகில் மோதுவதும், அதே காரை 14 மீற்றர் உயரத்தில் தூக்கிப் பிடித்து மூக்குக் கீழாக விழவிடுவதும் ஒன்றுதான். 14 மீற்றர் என்றால் ஒரு நல்ல பனை. வேகம் 80 ஆனால் உயரம் 25 மீற்றர். மாங்குளம் பக்கத்து நேர்வீதியில் 100இல் பறக்கிறவர்களுக்கும் கணக்குச் சொல்லிவிடுகிறேன்: 39 மீற்றர். வேகம் இரண்டு மடங்கானால் சக்தி நாலு மடங்காகிறது, அதனால்தான் உயரம் இப்படி எகிறுகிறது.

இந்த உயரக் கணக்கில் காரின் பாரம் வரவேயில்லை, கவனித்தீர்களா? பாரம் வருவது அடுத்த படியில். ஒரே பனையிலிருந்து 800 கிலோ விழுந்தால் தரையில் செலவாக வேண்டிய சக்தி ஒரு பங்கு. 1600 கிலோ விழுந்தால் இரண்டு பங்கு. ஆகவே ஒரு கார் தனியே மரத்திலோ மதகிலோ மோதும்போது, பாரம் கூடின கார் தான் தாங்க வேண்டிய அடியையும் கூடக் கொண்டுவருகிறது. அந்த அடியைத் தாங்க அதற்கு இன்னும் பலமான முன்பக்கம் வேண்டும். பலமாக்கினால் பாரம் இன்னும் கூடும். இந்தச் சுற்று எங்கே போய் முடியும் என்று சொல்லத் தேவையில்லை.

கல் பிடிக்கிறவரின் கை

வீடு கட்டும் இடத்தில் பார்த்திருப்பீர்கள். கீழே நிற்பவர் செங்கல்லை எறிவார், சாரத்தில் நிற்பவர் பிடிப்பார். பழகினவரின் கை கல்லோடு சேர்ந்து கொஞ்சத் தூரம் பின்னால் போய்த்தான் நிற்கும். புதிதாக வந்த பையன் கையை விறைப்பாக நீட்டிப் பிடிப்பான், பின்னேரம் உள்ளங்கை வீங்கியிருக்கும். கல் ஒன்றுதான், வேகமும் ஒன்றுதான். நிற்க எடுத்த தூரம் மட்டும் வேறு.

வேகம் குறைகிற வீதத்துக்கு அமர்முடுகல் என்று பெயர். குறுகிய தூரத்தில் நின்றால் அமர்முடுகல் பெரிது, உடம்பின் மேல் வருகிற விசையும் பெரிது. 60 கிலோமீற்றர் வேகத்தில் போகிற கார், முன்பக்கம் 60 சென்ரிமீற்றர் மடிந்து நின்றால், உள்ளே பெல்ற் போட்டு இருக்கும் 70 கிலோ ஆளின் மேல் சராசரியாக ஒன்றரைத் தொன்னுக்குச் சற்று மேலான விசை வரும். நேரம் ஒரு செக்கனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பெரிய அடிதான், விலா எலும்பு நோகும், ஆனால் உயிர் தப்பக்கூடிய அடி. அதே கார் மடியாமல் 5 சென்ரிமீற்றரில் நின்றுவிட்டால் வருகிற விசை ஏறக்குறைய 20 தொன். ஒரு சுமை லொறியின் பாரம். அதைத் தாங்கும் உடம்பு யாரிடமும் இல்லை.

அந்த 60 சென்ரிமீற்றரைத் தருவதுதான் காரின் மூக்கு. மோதும்போது திட்டமிட்டபடி மடிந்து சக்தியைத் தின்னும்படி செய்யப்பட்ட இந்தப் பகுதிக்கு நொறுங்கு வலயம் என்று பெயர். முன்னும் பின்னும் இருக்கும். இந்த யோசனையைக் காகிதத்தில் போட்டவர் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனத்தில் வேலை செய்த பேலா பாரெனி என்ற பொறியியலாளர். 1951இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1959இல் அந்த யோசனையோடு ஒரு கார் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன்னால் எல்லாரும் நினைத்தது கராஜ் வாசல் பெரியவர் நினைத்ததைத்தான்: கார் எவ்வளவு விறைப்பாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

அதே 1959இல் வொல்வோவின் நில்ஸ் போலின் வடிவமைத்த மூன்று முனைச் சீற் பெல்ற்றும் வந்தது. இதை ஏன் சேர்த்துச் சொல்கிறேன் என்றால், மூக்கு மடிந்து சம்பாதித்துத் தருகிற 60 சென்ரிமீற்றர் பெல்ற் போட்டவருக்கு மட்டும்தான் சொந்தம். போடாதவர் கார் நின்ற பிறகும் 60 கிலோமீற்றரில் போய்க்கொண்டிருப்பார். அவருக்குக் கிடைப்பது டாஷ்போர்ட்டில் ஒரு சில சென்ரிமீற்றர்தான். பின் சீற்றில் இருக்கிறவர்களுக்கும் இதே கணக்குத்தான். முறிகண்டியில் நிறுத்தித் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு ஏறியபிறகு, பெல்ற்றையும் ஒரு கை இழுத்து மாட்டலாம். பிள்ளையார் கோவிக்க மாட்டார்.

பங்கர் தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை

மூக்கு மடிய வேண்டும் என்றால் கார் முழுவதும் மடிய வேண்டும் என்று அர்த்தமில்லை. ஆட்கள் இருக்கும் இடம் மடியவே கூடாது. கதவுத் தூண்கள், கூரையின் விளிம்பு, கதவுக்குக் கீழே ஓடும் சட்டம், தரை எல்லாம் சேர்ந்த இந்தப் பெட்டியைப் பயணிகள் கூடு என்று சொல்வோம். அதன் வேலை ஒன்றே ஒன்று: உள்ளே இடத்தைக் காப்பது.

வன்னியில் பங்கர் வெட்டி இருந்த ஆட்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. மேலே பனங்குற்றிகள் அடுக்குவோம். அவை வளையக் கூடாது, முறியக் கூடாது, உள்ளே ஆள் இருக்கும் இடத்தைப் பிடித்து வைக்க வேண்டும். குற்றிக்கு மேலே மண், சுற்றிவர மண்மூட்டை. அந்த மண் கலையலாம், மூட்டை கிழியலாம். கலைவதும் கிழிவதும்தான் அதன் வேலை, அடியைத் தின்பது அதுதான். குற்றி இல்லாமல் மண் மட்டும் போட்டால் ஆளை மூடிவிடும். மண் இல்லாமல் குற்றி மட்டும் போட்டால் அடி நேரே குற்றியில் விழும். இரண்டில் எது முக்கியம் என்று அன்றைக்கு யாரும் சண்டை பிடிக்கவில்லை. காரில் மட்டும் மண்மூட்டையைப் பார்த்து "இது ஏன் மெதுவாக இருக்கிறது" என்று கேட்கிறோம்.

2009இல் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்புறுதி நிறுவகம் இதைக் கண்ணுக்குக் காட்டியது. 1959ஆம் ஆண்டுச் செவர்லே பெல் எயார் ஒன்றையும் 2009ஆம் ஆண்டுச் செவர்லே மலிபு ஒன்றையும் நேருக்கு நேர், சற்று விலகி, இரண்டையும் மணிக்கு ஏறக்குறைய 64 கிலோமீற்றரில் மோதவிட்டார்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே பாரம். பழையதன் பொனற் ஒரு கட்டில் அளவு, தகடும் தடிப்பு. மோதியபோது பழைய காரின் பயணிகள் இடமே நொறுங்கிப்போனது. ஸ்டியரிங் உள்ளே வந்தது, கதவு திறந்துகொண்டது. புதியதன் மூக்கு அடையாளம் தெரியாமல் மடிந்தது, கூடு அப்படியே நின்றது. பழைய காரில் உண்மையான ஓட்டுநர் இருந்திருந்தால் பிழைப்பது அரிது, புதியதில் காலில் சிறு காயம் என்பது பொம்மைகளில் பொருத்திய கருவிகள் சொன்ன கதை. அந்தப் படத்தை ஒருமுறை பார்த்தவர்கள் பிறகு பொனற்றைத் தட்டிப் பார்ப்பதில்லை.

இதுவரை வந்ததைத் தொகுத்துக்கொள்வோம். மோதலில் செலவாக வேண்டிய சக்தியை வேகமும் பாரமும் தீர்மானிக்கின்றன. அதை மூக்கு மடிந்து தின்ன வேண்டும், கூடு மடியாமல் நிற்க வேண்டும், பெல்ற் ஆளைக் கூட்டோடு கட்டிவைக்க வேண்டும். இந்த மூன்றில் எதற்கும் "காரின் மொத்தப் பாரம் கூடுதலாக இருக்க வேண்டும்" என்ற நிபந்தனை இல்லை. அப்படியென்றால் பாரத்தை எங்கே குறைக்கலாம்?

முதலில் வடிவம்

மீள்குடியேறிய காலத்தில் கூரைத்தகரம் போட்டவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். மட்டத் தகட்டை இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கினால் நடுவில் தொய்ந்து விழும். அதே தடிப்பு, அதே பாரமுள்ள தகட்டை அலைஅலையாக வளைத்துவிட்டால் ஏறி நடக்கலாம். உலோகம் கூடவில்லை, வடிவம்தான் மாறியது. பனையும் அப்படித்தான். வெளிச்சுற்றில் வயிரம், நடுவில் சோற்றி. காற்று வளைக்கும்போது அதிகம் இழுபடுவதும் நெருக்குப்படுவதும் வெளிப்புறம்தான், நடுவில் பெரிய வேலையில்லை. மரத்துக்குத் தெரிந்த இந்தக் கணக்கைத்தான் சைக்கிள் செய்தவரும் பின்பற்றினார், திண்ணிய கம்பிக்குப் பதில் குழாய் வைத்தார்.

காரின் முன்பக்கத்தில், எஞ்சினின் இரு பக்கமும் நீளவாக்கில் ஓடும் சட்டங்கள் இரண்டும் இப்படியான பெட்டிக்குழாய்கள். நேரே அடி விழும்போது முறிந்து பக்கவாட்டில் போகாமல் வாத்தியத் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாகச் சுருங்கும்படி அவற்றில் சிறு பள்ளங்கள் வைத்திருப்பார்கள். பழைய கராஜ்காரர் சிலர் அந்தப் பள்ளங்களை ஏதோ பழுது என்று நினைத்து மட்டம் தட்டிவிடுவதும் உண்டு.

மோதலின் விசை பம்பரில் புகுந்து, இந்தச் சட்டங்கள் வழியாக, தூண்களுக்கும் தரைக்கும் பிரிந்து போகிற பாதைக்குச் சுமைப்பாதை என்று பெயர். வாய்க்கால் மாதிரிதான். இரணைமடுத் தண்ணீர் எந்த வாய்க்காலில் எவ்வளவு போகும் என்று தெரிந்தால், எந்தக் கரையை உயர்த்த வேண்டும், எந்த இடத்தில் வீணாக மண் கொட்டியிருக்கிறோம் என்றும் தெரியும். முன்பு அது தெரியாததால் எல்லா இடத்திலும் தடிப்புத் தகடு போட்டார்கள். இன்று ஒரு திருகாணி செய்வதற்கு முன்பே கணினியில் ஆயிரம் தடவை மோதிப் பார்த்துவிடுகிறார்கள். விசை போகாத இடத்தில் தகடு மெலிகிறது, போகிற இடத்தில் தடிக்கிறது. ஒரே கதவின் உட்தகட்டில்கூட ஒரு பக்கம் தடிப்பு, மறுபக்கம் மெல்லிது என்று இரண்டு தகடுகளை ஒட்டி அழுத்துவார்கள். பாரக்குறைப்பில் பெரும்பங்கு இப்படி வீண் மண்ணை அள்ளியதால் வந்தது.

நீங்கள் தட்டிப் பார்க்கிற கதவின் வெளித்தகடு ஏறக்குறைய 0.7 மில்லிமீற்றர்தான். அது மழைக்கும் அழகுக்கும் உள்ள தோல். பக்கவாட்டு அடியைத் தாங்குவது உள்ளே குறுக்கே ஓடும் கம்பி. அது உங்கள் விரலுக்கு எட்டாது.

தோய்ச்சல் போட்ட உருக்கு

அடுத்தது பொருள். கொல்லன் பட்டறையில் கத்தி அடிப்பதைப் பார்த்திருந்தால் பாதி வேலை முடிந்தது. இரும்பைச் சிவக்கக் காய்ச்சி, அடித்து, தண்ணீரில் தோய்ப்பார்கள். தோய்ச்சல் போட்ட கத்திக்கும் போடாத கத்திக்கும் இரும்பு ஒன்றுதான், வெட்டில் தெரியும் வித்தியாசம். கார் தொழிற்சாலையிலும் இதையே செய்கிறார்கள். போரன் என்ற மூலகம் மிகச் சிறிதளவு கலந்த உருக்குத் தகட்டை 900 பாகை செல்சியசுக்கு மேல் காய்ச்சி, தண்ணீர் ஓடிக் குளிர்கிற அச்சுக்குள் வைத்து அழுத்துவார்கள். வடிவமும் தோய்ச்சலும் ஒரே அழுத்தில் கிடைக்கும். 1984இல் சாப் 9000 காரின் கதவுக் கம்பியில் இது முதலில் வந்தது. இப்போது சாதாரணக் கார்களின் தூண்களிலும் இருக்கிறது.

பலம் எவ்வளவு? ஒரு மில்லிமீற்றர் அகலம், ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள சாதாரண மென்னுருக்குக் கீற்று ஒன்றில் 30 கிலோ தொங்கவிடலாம். அதே அளவு தோய்ச்சல் உருக்குக் கீற்றில் 150 கிலோ, அதாவது இரண்டு நெல்மூட்டைக்கு மேல். ஐந்து மடங்கு. எனவே கூட்டின் தூணை மெல்லிய தகட்டில் செய்தும் பழையதைவிடப் பலமாக வைக்கலாம். நொறுங்கு வலயத்தில் இதைப் போடமாட்டார்கள். அங்கே மடியக்கூடிய, இழுபடக்கூடிய உருக்குத்தான் வேண்டும். குற்றிக்குக் குற்றி, மண்ணுக்கு மண்.

ஒரு நுணுக்கம் இருக்கிறது, இதில்தான் படித்தவர்களும் தடுமாறுகிறார்கள். வலு வேறு, விறைப்பு வேறு. முறியாமல் எவ்வளவு தாங்கும் என்பது வலு. ஒரு கிலோ வைத்தால் எவ்வளவு குறைவாக வளையும் என்பது விறைப்பு. தோய்ச்சல் போட்டால் வலு ஐந்து மடங்காகும், விறைப்பு மாறாது. மெலிந்த தகடு தட்டினால் அதிரும், அமுக்கினால் உள்ளே போகும், ஆனால் முறிவதற்கு முன் மிகப் பெரிய சுமையைத் தாங்கும். நம் விரலும் காதும் அளப்பது விறைப்பை. உயிரைக் காப்பாற்றுவதில் பெரும்பங்கு வலுவுக்கு.

அலுமினியம் உருக்கின் மூன்றில் ஒரு பங்கு பாரம், விறைப்பும் மூன்றில் ஒரு பங்கு. அப்படியானால் லாபம் ஒன்றுமில்லையே என்று தோன்றும். ஆனால் ஒரு தகடு வளைவதைத் தடுப்பதில் தடிப்பு மிகப் பெரிய பங்கு வகிக்கிறது. அலுமினியத் தகட்டை 44 வீதம் தடிப்பாக்கினால் போதும், அதே விறைப்பு வந்துவிடும், பாரம் பாதி. 1994இல் அவுடி ஏ8 அலுமினியச் சட்டகத்தோடு வந்தது. 2015ஆம் ஆண்டு மாதிரி ஃபோர்ட் எஃப்-150 என்ற பெரிய பிக்கப் அலுமினிய உடலுக்கு மாறி 318 கிலோ வரை பாரம் குறைத்தது. கூலித் தொழிலாளர் ஏறி மிதிக்கிற, கல்லும் மணலும் ஏற்றுகிற வாகனம் அது. கார்பன் நாரில் கூடு செய்தவர்களும் உண்டு, 2013இல் வந்த பிஎம்டபிள்யூ ஐ3 ஒன்று. விலையைக் கேட்டால் நமக்கு அதில் பேச்சில்லை.

பாரம் குறைந்தால் இன்னும் குறையும்

உடல் 100 கிலோ குறைந்தால் அதே ஓட்டத்துக்குச் சின்ன எஞ்சின் போதும். சின்ன எஞ்சினைத் தாங்கச் சின்னச் சட்டம் போதும். பிரேக், ரயர், பெற்றோல் தாங்கி எல்லாமே ஒரு படி இறங்கும். முதல் குறைப்பு இரண்டாவது குறைப்பைக் குட்டி போடும். மோதலில் செலவாக வேண்டிய சக்தியும் குறைவதால் மூக்குச் சட்டமும் மெலியலாம். முன்பு சொன்ன சுற்று இங்கே திரும்பி ஓடுகிறது. பொதுவாகப் பத்து வீத பாரம் குறைந்தால் எரிபொருள் ஆறு முதல் எட்டு வீதம் மிச்சமாகும் என்று கணக்கு. 2022இல் கியூஆர் காட்டி வாரத்துக்கு அளந்து பெற்றோல் அடித்தவர்களுக்கு எட்டு வீதம் என்றால் என்ன என்று தெரியும்.

பெரியவர் சொன்னதில் உள்ள உண்மை

இனி அந்தச் சிறு பங்கு உண்மைக்கு வருவோம். மறைத்தால் கட்டுரை பொய்யாகிவிடும்.

மதகு அசையாது, அதனால் அங்கே பாரம் உதவவில்லை. ஆனால் எதிரே வருவதும் ஓடுகிற வாகனமாக இருந்தால் கதை வேறு. 800 கிலோ காரும் 8000 கிலோ டிப்பரும் ஆளுக்கு 60 கிலோமீற்றரில் நேருக்கு நேர் மோதி ஒட்டிக்கொண்டால், இரண்டும் சேர்ந்து டிப்பர் போன திசையிலேயே 49 கிலோமீற்றரில் போகும். டிப்பருக்கு வேகம் மாறியது 11 கிலோமீற்றர். காருக்கு 60 முன்னே போனது 49 பின்னே போகிறது, ஆக 109. பாரத்தையும் வேகத்தையும் பெருக்கி வருவதை உந்தம் என்பார்கள், இது அந்த உந்தத்தின் கணக்கு. எந்தத் தோய்ச்சல் உருக்கும் இதை மாற்றாது. இரண்டு கார்கள் மோதினாலும் பாரம் குறைந்ததற்குத்தான் வேகமாற்றம் கூட.

அதற்காக எல்லாரும் பாரமான வாகனம் வாங்கினால் என்ன ஆகும்? சைக்கிளில் போகிறவருக்கும் நடந்து போகிற பிள்ளைக்கும் அடி இன்னும் பெரிதாகும், அவ்வளவுதான். தவிர, டிப்பரோடு மோதும்போது 800 கிலோவுக்கும் 1200 கிலோவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 1200 கிலோ கார் என்றால் வேகமாற்றம் 104. ஐரோப்பாவின் யூரோ என்கேப் அமைப்பு 2020இலிருந்து நடத்தும் சோதனையில், காரையும் 1400 கிலோ தள்ளுவண்டி ஒன்றையும் ஆளுக்கு 50 கிலோமீற்றரில் மோதவிட்டு, கார் தன் ஆளை எப்படிக் காத்தது என்பதோடு எதிரே வந்ததை எவ்வளவு சேதப்படுத்தியது என்றும் பார்க்கிறார்கள். விறைப்பான மூக்கால் எதிராளியைக் குத்துகிற காருக்குப் புள்ளி வெட்டு.

பாரக்குறைப்பும் கஞ்சத்தனமும்

தகட்டை மெலித்துவிட்டு மேலே சொன்ன ஒன்றையும் செய்யாமல் விட்டாலும் கார் பாரம் குறையும். அது வேறு விஷயம். 2014இல் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியச் சந்தையின் ஐந்து சிறிய கார்களை, காற்றுப்பை இல்லாத அடிப்படை வகைகளில், 64 கிலோமீற்றரில் சோதித்தது. ஐந்துக்கும் பெரியவர்களின் பாதுகாப்பில் பூச்சியம். ஆனால் பூச்சியத்திலும் இரண்டு வகை இருந்தது. மாருதி ஓல்டோ 800, டாட்டா நானோ, ஹியூண்டாய் ஐ10 மூன்றிலும் கூடே தாங்கவில்லை. ஃபோர்ட் ஃபிகோ, ஃபோக்ஸ்வாகன் போலோ இரண்டிலும் கூடு நின்றது, காற்றுப்பை இல்லாததால்தான் பூச்சியம். இரண்டு காற்றுப்பைகள் வைத்த போலோவைச் சோதித்தபோது நாலு நட்சத்திரம் கிடைத்தது. கூடு நொறுங்கிய காரில் காற்றுப்பை மட்டும் வைப்பது, குற்றி இல்லாத பங்கரில் தலையணை வைப்பது போல.

ஆகவே ஒரு காரின் பாரத்தைக் கேட்டு அதன் பாதுகாப்பை ஊகிக்க முடியாது. சோதனையில் கூடு நின்றதா என்று கேட்க வேண்டும். அந்தப் படங்கள் இணையத்தில் எல்லாருக்கும் திறந்தே இருக்கின்றன.

கராஜில் நாம் செய்வது

பொறியியலாளர் கிராம் கிராமாகக் கணக்குப் பார்த்து வைத்ததை நாம் ஒரு மத்தியானத்தில் கலைத்துவிடுகிறோம். முதலாவது, மாட்டுக்கும் யானைக்கும் பயந்து வான், கப், ஜீப் முன்னால் இரும்புக் குழாய் பார் போடுவது. அது நொறுங்கு வலயத்தைத் தாண்டி நேரே செசியில் பூட்டப்படுகிறது. அடி படிப்படியாக மடியாமல் ஒரேயடியாக உள்ளே போகும், காற்றுப்பை வெடிக்க வேண்டிய நேரமும் குழம்பலாம். தாழ்ந்த வாகனத்தில் மாடு பெரும்பாலும் கால் தட்டுப்பட்டுப் பொனற்றுக்கு மேலே ஏறிக் கண்ணாடிக்குத்தான் வரும். அங்கே காப்பாற்றுவது கண்ணாடித் தூண்கள், பார் இல்லை. மெதுவான ஓட்டமும் நல்ல வெளிச்சமும் அதைவிடப் பிரயோசனம்.

இரண்டாவது இன்னும் மோசம். மடிந்த சட்டத்தைக் காஸ் நெருப்பில் சிவக்கக் காய்ச்சி இழுத்து நிமிர்த்துவது. பழைய மொறிஸுக்கு அது சரி, மென்னுருக்கு. தோய்ச்சல் போட்ட தூணைக் காய்ச்சினால் தோய்ச்சல் போய்விடும். அடுப்பில் விழுந்த கத்தியைக் கொல்லனிடம் கொண்டுபோனால் அவரே சொல்வார். மேலே பட்டி பூசிப் பெயின்ற் அடித்தால் பார்க்கப் புதுசுதான், உள்ளே இருப்பது பழைய பலத்தின் ஒரு பங்கு. மடிந்த மூக்குச் சட்டத்தை நிமிர்த்தினாலும் அதேதான். ஒருமுறை மடிந்த இடம் அடுத்த முறை கணக்குப்படி மடியாது. வெட்டி எடுத்து, கம்பனி சொன்ன இடத்தில் வேறு துண்டு ஒட்டுவதுதான் முறை. செலவுதான். 2020 மார்ச் முதல் 2025 வரை இறக்குமதி நின்றிருந்த காலத்தில் எத்தனையோ கார்கள் இப்படித் திருத்தித் திருத்தி ஓடின, அவை இன்னும் விற்பனைக்கு வந்துகொண்டிருக்கின்றன.

பாவித்த கார் வாங்கப் போகிறவர்கள் பொனற்றைத் தட்டுவதை விட்டு, அதைத் திறந்து, எஞ்சினின் இரு பக்கமும் ஓடும் அந்த இரண்டு சட்டங்களையும் ரோர்ச் அடித்துப் பாருங்கள். சுருக்கம் விழுந்து நிமிர்த்திய அடையாளம், நெருப்புப் பட்ட கருநீலம், ஒரு பக்கத்தில் மட்டும் தடித்த பெயின்ற், கம்பனிப் புள்ளி வெல்டிங் இருந்த இடத்தில் கையால் இழுத்த வெல்டிங் கோடு. கதவு இறப்பரைக் கொஞ்சம் இழுத்துத் தூணின் அடியையும் பாருங்கள். இடமும் வலமும் ஒன்றுபோல இல்லையென்றால், விலை பேச முன்னம் ஏன் என்று கேளுங்கள்.